மூட்டுத் தேய்மானமும் வலி மாத்திரையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அறுபதைத் தாண்டியவர்கள் இருக்கும் வீடுகளில் பிரஷர் மாத்திரை டப்பாவுக்குப் பக்கத்தில் பெரும்பாலும் ஒரு வலி மாத்திரை அட்டையும் கிடக்கும். பிரஷர் மாத்திரையை எப்போது, எத்தனை போட வேண்டும் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். வலி மாத்திரைக்கு அந்தக் கணக்கு கிடையாது. முட்டி வலித்தால் ஒன்று, கல்யாணத்துக்குப் போய் வந்தால் ஒன்று, மழை பிடித்தால் ஒன்று என்று போகும். என் கவலையெல்லாம் கணக்கில் வராத அந்த மாத்திரையைப் பற்றித்தான். மருந்தாளுநராகக் கடையில் நிற்கும்போது திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு, நிதானமாகச் சொல்ல நேரம் கிடைக்காத பதில்கள் இவை.

இங்கே பேசுவது வயதோடு வரும் மூட்டுத் தேய்மானம் பற்றி, முக்கியமாக முழங்கால் பற்றி. முடக்குவாதம் எனப்படும் ருமட்டாய்டு, யூரிக் அமிலத்தால் வரும் கவுட் ஆகியவற்றுக்குச் சிகிச்சையே வேறு. எது என்று டாக்டர் பார்த்துச் சொன்ன பிறகு இதைப் படியுங்கள்.

மாத்திரை போட்டால் தேய்மானம் நின்றுவிடுமா?

நிற்காது. தேய்ந்த குருத்தெலும்பை மறுபடி வளர்க்கும் மாத்திரை இன்றுவரை கடைக்கு வரவில்லை. வலி மாத்திரை வலியைக் குறைக்கும், அதில் சில வகைகள் வீக்கத்தையும் குறைக்கும். அதோடு அதன் வேலை முடிந்தது.

குருத்தெலும்பில் வலியை உணரும் நரம்பே இல்லை. வலி வருவது அடியில் இருக்கும் எலும்பிலிருந்தும், மூட்டைச் சுற்றிய சவ்வு, தசைநார்களிலிருந்தும். அதனால்தான் எக்ஸ்ரேயில் ‘முழுசாத் தேஞ்சு போச்சு’ என்று சொல்லப்பட்ட ஒருவர் சந்தைக்கு நடந்து போய் வருகிறார். லேசான தேய்மானம் உள்ள இன்னொருவர் படி ஏற முடியாமல் தவிக்கிறார். எக்ஸ்ரேயைப் பார்த்து மாத்திரையின் அளவைக் கூட்ட வேண்டியதில்லை.

பிறகு எதற்கு மாத்திரை? வலி குறைந்தால் நடக்கலாம், தொடைத் தசைக்கான பயிற்சியைச் செய்யலாம். தொடையின் முன்பக்கத் தசை பலப்பட்டால் முழங்கால் வலியும் குறைகிறது. மாத்திரையைப் போட்டுவிட்டு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தால் அந்த மாத்திரை பாதி வீண்.

முதலில் எதைத் தொடங்கலாம்?

முழங்காலுக்கும் கை விரல் மூட்டுகளுக்கும், மேலே தடவும் டைக்ளோஃபெனாக் ஜெல். ‘ஜெல்லெல்லாம் சும்மா, குளுகுளுன்னு இருக்கும், அவ்வளவுதான்’ என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. அமெரிக்க வாதநோய் மருத்துவர் அமைப்பின் 2019 வழிகாட்டியும், பிரிட்டனின் 2022 வழிகாட்டியும் முழங்கால் தேய்மானத்துக்கு இந்த வகைப் பூச்சு மருந்தை அழுத்தமாகப் பரிந்துரைக்கின்றன. காரணம் எளியது. மருந்து தோல் வழியாக மூட்டுக்குப் போகிறது. ரத்தத்தில் கலப்பது மாத்திரையோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ நூற்றில் ஆறு பங்கு மட்டும். வயிறும் சிறுநீரகமும் பெருமளவு தப்பிக்கின்றன.

ஜெல் வேலை செய்யவில்லை என்பவர்களிடம் எவ்வளவு தடவினீர்கள் என்று கேட்டால், பெரும்பாலும் ஒரு பட்டாணி அளவைக் காட்டுவார்கள். அது போதாது. ஒரு முழங்காலுக்கு ஒரு தடவைக்கு 2 முதல் 4 கிராம், ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை. ஆள்காட்டி விரலின் முதல் கோட்டிலிருந்து நுனிவரை பிதுக்கினால் அரை கிராம் வரும். அப்படி நான்கிலிருந்து எட்டு விரல் அளவு. முழு அளவில் தடவினால் 30 கிராம் டியூப் இரண்டு நாளில் தீரும். செலவு உண்டு, அதை மறைப்பதற்கில்லை. மக்கள் மருந்தகத்தில் மருந்தின் பெயரைச் சொல்லிக் கேட்டால் விலை குறையும்.

முட்டியின் முன்னால் மட்டும் தடவாமல் சுற்றிலும் தடவுங்கள். தடவிய இடத்தில் ஒத்தடம் வேண்டாம், இறுக்கமாகக் கட்டவும் வேண்டாம். கையைக் கழுவிவிட்டுக் கண்ணைத் தொடுங்கள். ஒன்றிரண்டு வாரம் ஒழுங்காகத் தடவிப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள். இடுப்பு மூட்டு ஆழத்தில் இருப்பதால் அங்கே ஜெல் எட்டாது.

பாராசிட்டமால் போதுமா?

பலருக்குப் போதாது. டோலோ, கால்பால் என்று நாம் கேட்டு வாங்கும் அந்த மாத்திரை காய்ச்சலுக்கு நன்றாகக் கேட்கும். மூட்டுத் தேய்மான வலிக்கு அதன் பலன் மிகச் சிறியது என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் தெரிந்தது. பிரிட்டன் வழிகாட்டி இதைத் தொடர்ந்து கொடுக்க வேண்டாம், எப்போதாவது சில நாட்களுக்கு மட்டும் போதும் என்கிறது.

ஆனாலும் நான் இதை ஒதுக்கச் சொல்ல மாட்டேன். சிறுநீரகம் கெட்டவர்கள், இதய நோயாளிகள், அல்சர் வந்து ரத்தம் கசிந்தவர்கள் ஆகியோருக்கு மற்ற மாத்திரைகள் ஆகாதபோது கையில் மிஞ்சுவது பெரும்பாலும் இதுதான். நடப்பதற்கு முன் ஒன்று போட்டால் சுகமாக இருக்கிறது என்றால், போடலாம்.

அளவு முக்கியம். ஆரோக்கியமான பெரியவருக்கு ஒரு நாளின் உச்சவரம்பு 4 கிராம். வயதானவர்கள் 3 கிராமுக்குள் நிறுத்துவது நல்லது: 650 மில்லிகிராம் மாத்திரை என்றால் நாளுக்கு நான்கு, நடுவில் ஆறு மணி நேரம். எடை 50 கிலோவுக்குக் கீழே, கல்லீரல் கோளாறு, தினமும் குடிக்கும் பழக்கம் இவற்றில் ஒன்று இருந்தாலும் இன்னும் குறைக்க வேண்டும். அதை டாக்டர் சொல்லட்டும்.

புரூஃபன், வோவரான், ஜெரோடால் எல்லாம் ஒன்றுதானா?

பெயர் வேறு, குடும்பம் ஒன்று. புரூஃபனில் இருக்கும் ஐபுபுரூஃபன், வோவரானில் இருக்கும் டைக்ளோஃபெனாக், ஜெரோடாலில் இருக்கும் அசெக்ளோஃபெனாக், இவற்றோடு நாப்ராக்சன், எட்டோரிகாக்சிப் எல்லாமே ஸ்டீராய்டு அல்லாத அழற்சி நீக்கிகள். வலியையும் வீக்கத்தையும் உண்டாக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளை உடல் தயாரிப்பதை இவை தடுக்கின்றன. ஆஸ்பிரின் இப்படித்தான் வேலை செய்கிறது என்று 1971-இல் காட்டிய ஜான் வேனுக்கு 1982-இல் நோபல் பரிசு கிடைத்தது.

சிக்கல் என்னவென்றால், அதே புரோஸ்டாகிளாண்டின்தான் இரைப்பையின் உட்சுவரை அமிலத்திலிருந்து காக்கிறது, சிறுநீரகத்துக்கு ரத்தம் போகும் குழாயைத் திறந்து வைக்கிறது. முட்டியில் மட்டும் தடு, வயிற்றில் தடுக்காதே என்று மாத்திரைக்குச் சொல்ல வழியில்லை. வயிற்றைக் காப்பாற்றும் என்று வந்த புதுவகையில் ஒன்றான ரோஃபெகாக்சிப், மாரடைப்பை அதிகமாக்குவது தெரிந்து 2004-இல் உலகம் முழுக்கத் திரும்பப் பெறப்பட்டது.

குடும்பம் ஒன்று என்றாலும் குணத்தில் வேறுபாடு உண்டு. டைக்ளோஃபெனாக்கும் எட்டோரிகாக்சிப்பும் இதயத்துக்குக் கூடுதல் ஆபத்து. மாரடைப்பு, பக்கவாதம் வந்தவர்களுக்கும் ஸ்டென்ட் வைத்தவர்களுக்கும் கூடாது. நாப்ராக்சன் இதய விஷயத்தில் கொஞ்சம் சாது, வயிற்றில் கடுமை. எட்டோரிகாக்சிப் வயிற்றில் சாது, பிரஷரை ஏற்றும். யாருக்கு எது என்பது அவரவர் வியாதிப் பட்டியலைப் பொறுத்தது. ‘பக்கத்து வீட்டு அக்காவுக்கு இதுதான் கேட்டுச்சு’ என்று அட்டையைக் கொண்டுவந்து காட்டி வாங்குவது அதனால்தான் என்னைப் பதற வைக்கிறது.

இந்தக் குடும்பத்தில் இரண்டைச் சேர்த்துப் போட்டால் வலி இரண்டு மடங்கு குறையாது, கேடுதான் கூடும். ஜெரோடால்-பி, காம்பிஃப்ளாம் போன்றவற்றுக்குள் பாராசிட்டமாலும் இருக்கிறது என்பதையும் கணக்கில் வையுங்கள். அட்டையில் பெரிய எழுத்தில் இருக்கும் பெயரை விட்டுவிட்டு, சிறிய எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைப் படிக்கப் பழகுங்கள். கண் தெரியாத பெரியவர்களுக்குப் பேரப்பிள்ளைகள் படித்துச் சொல்லலாம்.

கூடவே கேஸ் மாத்திரை போட்டால் பயமில்லைதானே?

வயிற்றுக்குப் பயம் நன்றாகக் குறையும். பான்டோபிரசோல், ஒமிபிரசோல் போன்றவை இரைப்பைப் புண்ணையும் ரத்தக்கசிவையும் தடுக்கின்றன. 65 வயது தாண்டியவர்கள் வலி மாத்திரையைத் தொடர்ந்து போட நேர்ந்தால் இவற்றைச் சேர்த்துத்தான் போட வேண்டும். ஆனால் காப்பு இரைப்பையோடு நின்றுவிடுகிறது. சிறுநீரகத்துக்கோ இதயத்துக்கோ கேஸ் மாத்திரை எதுவும் செய்யாது. ‘கேஸ் மாத்திரையும் போடறேன், அதனால வருஷக்கணக்கா போடலாம்’ என்ற தைரியம் இங்கேதான் தவறிப்போகிறது.

ஊசி போட்டுக்கொண்டால் வயிறு கெடாதாமே?

கெடும். மருந்து ரத்தத்தில் கலந்த பிறகுதான் புரோஸ்டாகிளாண்டினைத் தடுக்கிறது. வாய் வழியாகப் போனதா, இடுப்பு வழியாகப் போனதா என்பதைப் பொறுத்து அல்சர் வருவதில்லை. சாப்பிட்ட பின் போட்டால் எரிச்சல் குறையும், புண் வராது என்பதற்கு அதுவும் உறுதியில்லை. தேய்மான வலிக்கு டைக்ளோ ஊசி தேவைப்படுவது மிக அபூர்வம். ‘ஊசி போட்டாத்தான் கேக்கும்’ என்று நாமே கேட்டு வாங்குவதை நிறுத்தினால் பாதிப் பிரச்சினை தீரும்.

பிரஷர், சுகர் இருக்கிறது. வலி மாத்திரை போடலாமா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்பவர்கள் இதைப் படியுங்கள்.

புரூஃபன், வோவரான் குடும்பத்து மாத்திரைகள் உடம்பில் உப்பையும் தண்ணீரையும் தேக்குகின்றன. பிரஷர் ஏறும், கால் வீங்கும். பிரஷர் கட்டுக்குள் வரவில்லையே என்று டாக்டர் மாத்திரையைக் கூட்டுவார். வீட்டில் தனியாக வலி மாத்திரை ஓடுவதை யாரும் அவரிடம் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அதைவிடப் பெரியது சிறுநீரகம். பிரஷருக்குப் போடும் டெல்மிசார்டான், லோசார்டான், எனலாப்ரில், ராமிப்ரில் ஆகியவற்றில் ஒன்று, அதோடு நீர் பிரியும் மாத்திரை, இவற்றுக்கு மேல் ஒரு வலி மாத்திரை. இந்த மூன்றும் சேர்ந்தால் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் மூன்று பக்கமும் குறைந்து, நாட்கணக்கில்கூட அது செயலிழக்கலாம். நீர் மாத்திரை தனியாக இருக்க வேண்டும் என்பதில்லை. டெல்மிசார்டான் பெயரோடு ‘ஹெச்’ என்ற எழுத்து ஒட்டியிருந்தால் பெரும்பாலும் ஹைட்ரோகுளோரோதையசைடு என்ற நீர் மருந்து உள்ளே இருக்கிறது என்று பொருள். அக்னி நட்சத்திர வெயிலில் வியர்த்துக் கொட்டும்போது, வயிற்றுப்போக்கு, வாந்தி இருக்கும்போது இந்த ஆபத்து இன்னும் அதிகம். அந்த நாட்களில் வலி மாத்திரையைத் தொடவே வேண்டாம். சர்க்கரை பல வருடமாக இருப்பவர்களுக்குச் சிறுநீரகம் ஏற்கெனவே பாதி உழைத்துக் களைத்திருக்கலாம். வெளியே ஒரு அறிகுறியும் தெரியாது.

டைக்ளோஃபெனாக் சிறுநீரகத்தை என்ன செய்யும் என்பதற்கு நம் நாட்டிலேயே பெரிய சாட்சி இருக்கிறது. இந்த ஊசி போட்ட மாடுகள் செத்தபின் அவற்றைத் தின்ற பாறு கழுகுகள் சிறுநீரகம் செயலிழந்து கூட்டம் கூட்டமாக மடிந்தன. காரணம் 2004-இல் தெரிந்தது. 2006-இல் கால்நடைகளுக்கு டைக்ளோஃபெனாக் தடை செய்யப்பட்டது. மாட்டின் உடலில் அசெக்ளோஃபெனாக் டைக்ளோஃபெனாக்காக மாறுவதால் 2023-இல் அதற்கும் தடை வந்தது. நீலகிரி மாயாற்றுப் பள்ளத்தாக்கில் இன்று எஞ்சியிருக்கும் பாறுகளைக் காக்கப் பலர் பாடுபடுகிறார்கள். மனிதச் சிறுநீரகம் கழுகினுடையது அளவுக்கு மென்மையானது இல்லை, உண்மைதான். ஆனால் சர்க்கரையாலும் பிரஷராலும் அடிபட்ட சிறுநீரகமும் தாங்கும் திறனில் குறைந்ததுதான்.

எனவே பிரஷர், சுகர் இருப்பவர்கள் ஜெல்லோடு தொடங்குங்கள். மாத்திரைதான் வேண்டும் என்றால் டாக்டரிடம் கேட்டு, குறைந்த அளவில், சில நாட்களுக்கு மட்டும். தொடர்ந்தால் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின், பொட்டாசியம் ரத்தப் பரிசோதனை அவசியம். சிறுநீரகப் பாதிப்பு ஏற்கெனவே இருப்பதாகச் சொல்லப்பட்டிருந்தால் வேண்டாம். வீட்டுக்கே பிரஷர், சுகர் மாத்திரை கொண்டுவரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ஊழியரிடம் வலி மாத்திரை அட்டையையும் எடுத்துக் காட்டுங்கள். அந்தத் திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சையும் உண்டு. முட்டிப் பயிற்சி பற்றியும் கேளுங்கள்.

இதயத்துக்கு ஆஸ்பிரின் போடுகிறேன். அதுவும் வலி மாத்திரைதானே?

இதயத்துக்குக் கொடுக்கும் 75 மில்லிகிராம் ரத்தக் கட்டியைத் தடுப்பதற்கு; மூட்டுவலிக்குப் பயன்படாது. அதோடு ஐபுபுரூஃபனைச் சேர்த்தால் ஆஸ்பிரினின் இதயக் காப்பே குறைந்துபோகலாம், வயிற்றில் ரத்தம் கசியும் வாய்ப்பும் ஏறும். ரத்தம் கட்டாமல் இருக்க க்ளோபிடோக்ரெல், வார்ஃபரின் போடுகிறவர்களுக்கும் கசிவு ஆபத்து உண்டு. டாக்டரைக் கேட்காமல் எதையும் சேர்க்காதீர்கள்.

மெடிக்கலில் கொடுக்கும் ‘செட்’ மாத்திரை ஒரே நாளில் கேட்கிறதே, எப்படி?

காகிதத்தில் மடித்து, அட்டையிலிருந்து வெட்டி, பெயர் தெரியாமல் மூன்று நான்கு மாத்திரைகள். ஒரு வேளையில் வலி பறந்துவிடும். அதில் டெக்ஸாமெத்தசோன், பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டு இருந்தால் அப்படித்தான் கேட்கும். பசி எடுக்கும், முகம் பூரிக்கும், ‘உடம்பு தேறிடுச்சு’ என்று தோன்றும். மாதக்கணக்கில் போனால் சர்க்கரை எகிறும், எலும்பு வலுவிழந்து முறியும், தோல் மெலியும், தொற்று எளிதில் பிடிக்கும். வலி மாத்திரையோடு ஸ்டீராய்டு சேரும்போது அல்சர் ஆபத்தும் பலமடங்காகிறது. மூட்டுவலிக்கு என்று பெயரில்லாமல் விற்கும் சில சூரணங்களிலும் உருண்டைகளிலும் இதே ஸ்டீராய்டைக் கலந்திருப்பது பரிசோதனைகளில் பிடிபட்டிருக்கிறது.

இன்னொன்று, நீண்ட நாள் போட்டவர்கள் பயந்துபோய்த் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. உடம்பு சொந்தமாக ஸ்டீராய்டு சுரப்பதையே நிறுத்தியிருக்கும். மயக்கம், வாந்தி, பிரஷர் இறக்கம் வரலாம். மிச்சமிருக்கும் மாத்திரைகளை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள், படிப்படியாகக் குறைத்துத் தருவார். என் தொழிலில் இருக்கும் சிலரே இதைச் செய்கிறார்கள் என்பது வேதனை. பெயரில்லாத மாத்திரையை யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். முழு அட்டையும் பில்லும் கேட்பது உங்கள் உரிமை.

டிரமடால் கொடுத்திருக்கிறார்கள். அது இன்னும் பலமானதா?

அபினி, மார்ஃபின் போல வேலை செய்யும் ஓபியாய்டு வகை. பலம் என்பதைவிட, வேறு வழி என்று சொல்லலாம். தேய்மான வலிக்கு இந்த வகை மற்ற மாத்திரைகளைவிடச் சிறப்பாக வேலை செய்யவில்லை என்று 2018-இல் அமெரிக்காவில் ஓராண்டு நடந்த ஒப்பீட்டு ஆய்வு காட்டியது. தலைச்சுற்றல், வாந்தி, மலச்சிக்கல் வரும். இரவில் எழுந்து பாத்ரூம் போகும் பெரியவர் விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டால் முட்டிவலியே தேவலை என்றாகும். பழக்கமாகவும் ஆகும். இந்தியாவில் 2018 முதல் போதைப்பொருள் சட்டத்தின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. சில நாட்களுக்கு என்றால் சரி, மாதக்கணக்கில் என்றால் ஏன் என்று கேளுங்கள். மனச்சோர்வு மாத்திரை எடுப்பவர்கள் கட்டாயம் அதைச் சொல்ல வேண்டும்.

தைலம் தேய்க்கலாமா?

தேய்க்கலாம். பாட்டிக்குப் பேத்தி உட்கார்ந்து தைலம் தேய்த்துவிடும் சுகத்துக்கு நான் எதிரியில்லை. தேய்ப்பதாலும் சூட்டாலும் சற்று நேரம் வலி மட்டுப்படும். ஊட்டிக்குப் போனவர்கள் வாங்கிவரும் விண்டர்கிரீன் எண்ணெய் மட்டும் கவனம். அது ஏறக்குறைய முழுவதும் மெதில் சாலிசிலேட். ஆஸ்பிரினுக்கு நெருங்கிய உறவு. ஒரு டீஸ்பூன் எண்ணெயில், 325 மில்லிகிராம் ஆஸ்பிரின் மாத்திரை சுமார் 20-க்குச் சமமான மருந்து இருக்கிறது. வாசனையாக இருக்கிறதே என்று குழந்தை குடித்தால் உயிருக்கே ஆபத்து. பூட்டி வையுங்கள். வார்ஃபரின் எடுப்பவர்கள் நிறையத் தேய்க்கக் கூடாது.

குளுக்கோசமைன், கால்சியம்?

குருத்தெலும்புக்கு நல்லது என்று விற்கும் குளுக்கோசமைனை நம்பிப் பணம் செலவழிக்க வேண்டாம் என்பது என் கருத்து. நல்ல ஆய்வுகளில் உறுதியான பலன் தெரியவில்லை. கால்சியம் எலும்பு அடர்த்திக் குறைவுக்கு. மூட்டு வலிக்கு அல்ல.

மூட்டுக்குள்ளேயே ஊசி போடுகிறார்களே?

ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களுக்கு நல்ல நிவாரணம் தரும். வீக்கம் அதிகமாகி நடக்கவே முடியாதபோது, அல்லது பயிற்சியைத் தொடங்க முடியாதபோது பயன்படும். 12 வாரத்துக்கு ஒருமுறை என்று இரண்டு ஆண்டுகள் போட்டுப் பார்த்த 2017 ஆய்வில், வெறும் உப்புநீர் ஊசி போட்டவர்களைவிட இவர்களுக்குக் குருத்தெலும்பு அதிகம் தேய்ந்திருந்தது, வலியில் வித்தியாசமில்லை. எப்போதாவது என்றால் போடலாம், வாடிக்கையாக வேண்டாம்.

மாத்திரையைக் குறைக்க வீட்டில் என்ன செய்யலாம்?

நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டி, பத்து எண்ணும்வரை நிறுத்தி இறக்குங்கள். காலுக்குப் பத்துத் தடவை, காலையும் மாலையும். முதல் வாரம் கொஞ்சம் வலிக்கும், பயந்து நிறுத்தாதீர்கள். எடை கூடுதல் என்றால் ஒரு கிலோ குறைந்தாலே ஒவ்வோர் அடியிலும் முழங்காலுக்கு நான்கு கிலோ சுமை குறைகிறது. அரிவாள்மணையோடு தரையில் உட்கார்வதை மேசைக்கு மாற்றுங்கள். குத்துக்காலிடும் கழிப்பறையை மாற்ற முடியாவிட்டால் அதன்மேல் வைக்கும் நாற்காலி கிடைக்கிறது. ஊன்றுகோலை வலிக்காத பக்கத்துக் கையில் பிடியுங்கள்.

வலி மாத்திரை போடும் நாளில் காய்ச்சல் வந்தால்?

ஐப்பசி, கார்த்திகை டெங்கு காலத்தில் இது முக்கியம். ஐபுபுரூஃபன், டைக்ளோ, அசெக்ளோ எல்லாவற்றையும் நிறுத்திவிடுங்கள், ரத்தக்கசிவைக் கூட்டும். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும். இதயத்துக்கு ஆஸ்பிரின் எடுப்பவர்கள் அதை நீங்களாக நிறுத்தாமல் அன்றே டாக்டரைக் கேளுங்கள்.

எப்போது உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்?

மலம் தார்போலக் கறுத்து, பிசுபிசுவென்று, கெட்ட நாற்றத்தோடு போனால். இரும்புச்சத்து மாத்திரையாலும் கறுக்கும், ஆனால் நீங்களாக அப்படி நினைத்துவிடாதீர்கள். வாந்தியில் ரத்தம், நெஞ்சுவலி, திடீர் மூச்சிரைப்பு, சிறுநீர் அளவு சட்டெனக் குறைவது, முகம் வீங்குவது. ஆஸ்துமாக்காரர்களுக்கு மாத்திரை போட்டதும் இழுப்பு. ஒரு மூட்டு மட்டும் சிவந்து, சூடாகி, காய்ச்சலோடு வீங்கினால் அது தேய்மானம் இல்லை, சீழ் பிடித்திருக்கலாம். அன்றைக்கே காட்ட வேண்டும்.

திருவண்ணாமலை கிரிவலம் போகணும். முன்னாடியே ஒரு மாத்திரை போட்டுக்கலாமா?

சிறுநீரகம், இதயம், அல்சர் தொந்தரவு இல்லை, பிரஷர், சுகர் மாத்திரையும் எடுப்பதில்லை என்றால், சாப்பிட்டுவிட்டு ஒரு மணி நேரம் முன்பு ஒன்று போடலாம். மற்றவர்கள் ஜெல் தடவி, ஒரு பாராசிட்டமாலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பாதை 14 கிலோமீட்டர். தினமும் தெருமுனைவரை நடப்பவர் ஒரே இரவில் அதை நடந்தால் எந்த மாத்திரையும் காப்பாற்றாது. ஒரு மாதம் முன்பே நடையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். மெத்தென்ற அடியுள்ள செருப்பை எடுத்துப் போங்கள். வெறுங்காலில் நடப்பது வேண்டுதல் என்றால் வழியிலுள்ள லிங்கக் கோயில்களில் உட்கார்ந்து உட்கார்ந்து போங்கள். தண்ணீர் குடியுங்கள். பாதி வழியில் வலி கூடினால் இரண்டாவது மாத்திரையைத் தேடாதீர்கள், ஆட்டோ பிடியுங்கள். மறுநாள் முட்டி வீங்கியிருந்தால் துணியில் சுற்றிய ஐஸ் கால் மணி நேரம், இரண்டு மூன்று நாள் ஓய்வு, ஜெல். ஒரு வாரத்தில் வீக்கம் வடியவில்லை என்றால் டாக்டரிடம் காட்டுங்கள்.